புதுவையில் எங்கே தங்குவது?



ஓர் ஊரைக் காணச் செல்பவர் முதலில் கேட்கும் கேள்வி, 'அங்கே என்ன பார்க்கலாம்?' என்பதாகும். 'எங்கே தங்கலாம்?' என்னும் கேள்வி இரண்டாவதாக, பெரும்பாலும் புறப்படுவதற்கு முதல் நாள், அவசரத்தில் எழுகிறது. வாடகை குறைவாக இருக்க வேண்டும். குழாயில் நீர் வர வேண்டும். இவ்வளவே போதும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நேற்றுத் தோன்றிய ஊருக்கு இது பொருந்தலாம். முந்நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைத் தன் தெருக்களிலே வைத்திருக்கும் புதுவை போன்ற ஊருக்கு இது பொருந்தாது. அங்கே நாம் தங்கும் வீடும் நாம் காண வந்த ஊரின் ஒரு பகுதியே ஆகும். இதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

புதுவையில் ஆசிரியனாக இருந்த காலத்தில், வெளியூர்ப் பள்ளிகளிலிருந்து சுற்றுலா வரும் மாணவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் பொறுப்புப் பலமுறை என்னிடம் வந்தது. ஒரு முறை நாற்பது மாணவர்களுக்கும் ஒரே இடத்தில் அறை கிடைக்கவில்லை. ஆகவே இருபதின்மர் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு விடுதியிலும், மற்ற இருபதின்மர் தமிழர் பகுதியில் முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றிலும் தங்கினர். மூன்றாம் நாள், 'நான் கண்ட புதுவை' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதுமாறு அவர்களுடைய ஆசிரியர் பணித்தார். அக்கட்டுரைகளை நானும் படித்தேன். முதற் குழுவினர் கடற்கரை, காந்தி சிலை, கலங்கரை விளக்கம், கடைத்தெரு ஆகியவற்றை ஒழுங்காக எழுதியிருந்தனர். இரண்டாம் குழுவினரும் அவற்றை எழுதினர்; ஆனால் அவற்றோடு, விடியலில் தெருவில் போகும் கீரைக்காரியின் குரலையும், 'எந்த ஊர்ப் பிள்ளைகள் நீங்கள்?' என்று கேட்ட எதிர்வீட்டுப் பாட்டியையும், மழை பெய்தபோது நான்கு பக்கத்து ஓட்டிலிருந்தும் முற்றத்தில் நீர் விழுந்ததையும் எழுதியிருந்தனர். இரு குழுவினரும் ஒரே அறிவுடைய மாணவர்கள். ஒரே வழிகாட்டியோடு சுற்றியவர்கள். வேறுபாடு தங்கிய இடத்தில் இருந்தது.

தங்குமிடம் என்பது நம் முன்னோர் எளிதாக எண்ணிய பொருள் அன்று. 'விருந்து' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் 'புதுமை' என்பதே பொருள். முன்பின் அறியாத புதியவரே விருந்தினர். நாம் இன்று உறவினர்க்கு இடும் உணவை விருந்து என்கிறோம். பழைய நாளில் அச்சொல் வழிப்போக்கரைக் குறித்தது. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். கோவலனும் கண்ணகியும் மதுரையின் புறஞ்சேரியை அடைந்தபோது, அவர்களுக்குத் தங்குமிடம் தேர்ந்தவர் கவுந்தியடிகள். அவர் வாயில் தெரிந்த முதல் வீட்டில் அவர்களை விட்டுவிடவில்லை. இடைக்குல மூதாட்டி மாதரியின் இயல்பை நன்கறிந்து, அவளிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்புவித்தார். 'அடைக்கலக் காதை' என்று ஒரு காதைக்கே பெயர் அமைந்தது. புதிய ஊரில் இடம் தேர்வதற்கு அறிந்தோர் ஒருவரின் சொல் துணை வேண்டும் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

பின்னாளில் வழிப்போக்கர்க்காகச் சத்திரங்கள் எழுந்தன. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதையில் சத்திரங்களை வரிசையாக நிறுவினர். இரண்டாம் சரபோசி மன்னர் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்க்குச் சோறும், நோயுற்றோர்க்கு மருந்தும், பிள்ளைகளுக்குக் கல்வியும் கிடைத்தன. தங்குமிடமும் கல்விக்கூடமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பதை மாணவர்களாகிய நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இனிப் புதுவைக்கு வருவோம். அங்கே இடம் தேர்வதற்கு முன் ஊரின் அமைப்பை அறிந்துகொள்ளுதல் நன்று. 1674-ஆம் ஆண்டில் பிரான்சுவா மர்த்தேன் என்னும் பிரெஞ்சு வணிக அதிகாரி இங்கே குடியமர்ந்தார். 1693-இல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றினர். 1699-இல் திருப்பிக் கொடுத்தனர். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில், சதுரங்கப் பலகைபோல் நேர்கோட்டில் தெருக்களை வகுக்கும் திட்டம் அவர்களால் வரையப்பட்டது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதியையும் தகர்த்தனர். 1765 முதல் ஊர் மீண்டும் கட்டப்பட்டது. ஆகையால், கடற்கரைப் பக்கத்து மாளிகைகளில் இன்று நாம் காண்பவை பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டவையே. 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் அது சட்டப்படி நிறைவுற்றது. 'பாண்டிச்சேரி' என்று வழங்கிய பெயர் 2006-இல் 'புதுச்சேரி' என மாற்றப்பெற்றது.

பழைய ஊர் முட்டை வடிவானது. அதனைச் சுற்றி அகன்ற சாலைகள் வளைந்து செல்கின்றன. வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, பிரெஞ்சுப் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. அது கிழக்குப் பகுதியைவிடப் பரப்பிலும் மக்கள் தொகையிலும் பெரியது. அதனுள்ளும் கோயில் தெருக்கள் வடபால், மாதா கோயிலைச் சூழ்ந்து கிறித்தவர் தெருக்கள், தென்பால் முசுலிம் தெருக்கள் என மக்கள் தத்தம் வழக்கப்படி அமர்ந்தனர். பிரெஞ்சு ஆட்சியில் கிழக்குப் பகுதியை 'வெள்ளை நகரம்' என்றும் மேற்குப் பகுதியைக் 'கறுப்பு நகரம்' என்றும் வழங்கினர். இரண்டாவது பெயர் மறைந்தது. முதற்பெயரை மட்டும் விடுதி விளம்பரங்கள் 'ஒயிட் டவுன்' என்று இன்றும் பெருமையோடு எழுதுகின்றன. அச்சொல்லைப் படிக்கும்போது, அது எந்தச் சொல்லின் மறுபாதி என்பதை வரலாற்று மாணவர் மறவாதிருத்தல் வேண்டும்.

இரு பகுதிகளின் வீடுகளும் இருவேறு இயல்பின. பிரெஞ்சுப் பகுதியில் ஒரு வீட்டின் முன் நின்றால் உயர்ந்த மதிலையும் பெரிய வாயிலையுமே காண்போம். அழகெல்லாம் உள்ளே: தோட்டம், தூண் வரிசை, வளைவான சாளரங்கள், உயர்ந்த கூரை. வீட்டார் உலகம் மதிலுக்கு அப்பால் தனித்திருக்கும். தமிழர் வீடு இதற்கு மாறானது. தெருவை ஒட்டி, தூண்களின்மேல் சாய்ந்த ஓட்டுக் கூரை. அதன் நிழலில் வழியே போவோர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கலாம். அதனைத் தாழ்வாரம் என்பர். அதனை அடுத்துத் திண்ணை. அறியாதவரும் கேளாமலே அமரலாம். பின்னர் வேலைப்பாடமைந்த கதவு, இடைகழி, முற்றம், கூடம், பின்கட்டு என வீடு நீண்டு செல்லும். தெருவுக்கு ஒன்று தன் மதிலைக் காட்டுகிறது. மற்றொன்று இருக்கை தருகிறது. இவ்விரண்டும் கலந்த மாடி வீடுகளும் உண்டு. கீழ்த்தளத்தில் திண்ணையும் மரத்தூணும், மேல்தளத்தில் வளைவுச் சாளரமும் சுண்ணாம்புச் சிற்பமும் கொண்டு அவை நிற்கும். இரு நாகரிகங்கள் இருநூறு ஆண்டு அடுத்தடுத்து வாழ்ந்ததன் சான்று அவ்வீடுகளே.

இப்போது தங்குமிடங்களை வகைப்படுத்திக் காண்போம்.

முதல்வகை, பிரெஞ்சுப் பகுதியின் மாளிகை விடுதிகள். பிரெஞ்சு மொழியில் 'ஓத்தேல்' என்னும் சொல் பயணியர் விடுதியை மட்டும் குறிப்பதன்று, பெருமாளிகையையும் குறிக்கும். நகர மன்றத்துக்கு அம்மொழியில் 'ஓத்தேல் தெ வீல்' என்று பெயர். புதுவையில் இரண்டு பொருளும் ஒன்றாயின. ரோமேன் ரோலான் வீதியில் உள்ள ஒரு பழைய மாளிகை முன்பு பொதுக்கல்வித் துறையின் அலுவலகமாக இருந்தது. பின்னர்ச் செப்பனிடப்பெற்று 'ஓத்தேல் தெ லோரியான்' என்னும் விடுதியாயிற்று. இத்தகைய இடங்களில் வாடகை மிகுதி. மாணவர் கைப்பொருளுக்கு அவை எட்டா. ஆயினும் கவலை வேண்டா. அத்தெருக்களில் காலையில் நடப்பதற்குக் கட்டணம் இல்லை. வாய்க்காலிலிருந்து கடல்வரை கால்மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். கடற்கரைச் சாலையில் மாலை முதல் வண்டிகளை நிறுத்திவிடுவதால், நடப்போர்க்கு அச்சமும் இல்லை.

இரண்டாம் வகை, தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் அமைந்த விடுதிகளும், வீட்டாரே அறை விடும் இல்லங்களும் ஆகும். பெருமாள் கோயில் வீதி, வைசியாள் வீதி, ஈசுவரன் கோயில் வீதி ஆகியவற்றிலும் அவற்றின் அண்மையிலும் இவை உள்ளன. இவற்றுள் வாடகை உயர்ந்தவையும் உண்டு, அடக்கமானவையும் உண்டு. இங்கே தங்குபவர் கதவைத் திறந்தால் வரலாற்றின் நடுவே நிற்பார். ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவகமாக உள்ளது. பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசனார் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது. அவரும் தமிழாசிரியர் என்பதை நான் மகிழ்ச்சியோடு நினைவூட்டுகிறேன். துய்ப்ளேக்சின் துபாசியாக இருந்து, 1736 முதல் தம் இறுதிவரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, அவர் பெயரால் வழங்கும் வீதிக்கு அருகிலேயே நிற்கிறது.

மூன்றாம் வகை, அரவிந்தர் ஆசிரமம் நடத்தும் விருந்தினர் இல்லங்கள். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் ஒன்று உள்ளது. ஊருக்குள்ளும் சில உள்ளன. தூய்மையும் அமைதியும் அடக்கமான வாடகையும் இவற்றின் சிறப்பு. ஆனால் இவை ஆசிரம நெறிக்கு உட்பட்டவை. புகைத்தலும் மதுவும் கூடா; இரவில் குறித்த நேரத்தில் வாயில் அடைபடும். அந்நெறியை மதிப்போரே அங்கே செல்லுதல் முறை. பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்டு 15, நவம்பர் 24 ஆகிய தரிசன நாள்களில் அடியார் கூட்டம் மிகும். அப்போது அறை கிடைப்பது அரிது. இங்கே கட்டடக் கலை மாணவர்க்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஆசிரமத்தில் 'கோல்கொண்டா' என்னும் உறைவிடம் ஒன்று உண்டு. தோக்கியோ நகரில் பணியாற்றி வந்த அன்டோனின் ரேமண்ட் என்னும் கலைஞர் அதனை வரைந்தார். 1930-களின் இறுதியில் வேலை தொடங்கியது. சுவருக்கும் சாளரத்துக்கும் மாற்றாக, திருப்பி மூடக்கூடிய பலகை வரிசைகளை வைத்துக் காற்றை உள்ளே வரவிட்டார். அது பயணியர் விடுதி அன்று. ஆயினும், 'வெப்ப நாட்டில் ஓர் உறைவிடம் எவ்வாறு இருத்தல் வேண்டும்?' என்னும் கேள்விக்குச் சிறந்த விடைகளுள் ஒன்று.

நான்காம் வகை, மறைமலையடிகள் சாலையிலுள்ள பேருந்து நிலையத்தை ஒட்டியும் கடைத்தெருக்களிலும் உள்ள லாட்ஜுகள். நள்ளிரவில் வந்து விடியலில் புறப்படுவோர்க்கு இவையே பொருத்தம். ஊருக்கு வடக்கே சோலை நகரில் இளைஞர் விடுதியும் உண்டு. மாணவர் குழுக்கள் முன்கூட்டி எழுதிக் கேட்டறிதல் வேண்டும். 1968-இல் தோன்றிய ஆரோவில் ஊருக்கு வெளியே தனியே அமைந்தது. அங்கே தங்குபவர் ஆரோவிலைக் காண்பார். புதுவையைக் காணத் தனியே வண்டி பிடித்தல் வேண்டும்.

இவ்வளவு வகைகள் எப்படி வந்தன? புதுவை நெடுங்காலமாகவே வந்தோரை ஏற்ற ஊர் என்பதே விடை. 1908-இல் பாரதியார் ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி இங்கே வந்தார். 1918 வரை வாடகை வீடுகளிலேயே வாழ்ந்தார். 1910 ஏப்ரல் 4-ஆம் நாள் அரவிந்தர் கப்பலில் வந்து இறங்கினார். அன்று அவருக்கு விடுதி அறை பதிவு செய்து வைத்தவர் எவரும் இலர். சங்கர செட்டியார் என்னும் ஊர்ப் பெரியவர் கோமுட்டி செட்டித் தெருவிலிருந்த தம் வீட்டின் மாடியில் இடம் அளித்தார். அவ்வாண்டு அக்டோபர் வரை அரவிந்தர் அங்கேயே தங்கினார். ஆட்சியாளரின் ஒற்றர் நடமாட்டத்துக்கு இடையே புதியவரை வீட்டில் ஏற்பது சிறு செயல் அன்று. பாரதியாரின் பாடல்கள் பலவும் அரவிந்தரின் நூல்கள் பலவும் புதுவையில் எழுதப்பட்டன என்று படிக்கிறோம். அவற்றை எழுதுவதற்கு ஓர் அறையும் ஒரு விளக்கும் கொடுத்தவர் யார் என்று கேட்பதும் வரலாறே.

அத்தகைய வீடுகளின் இன்றைய நிலை என்ன? இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தியின் உயிர்நிலை இருக்கிறது. சுண்ணாம்புக் காரையாலும் மரத்தாலும் நாட்டு ஓட்டாலும் அமைந்த வீட்டுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். கடற்காற்றின் உப்பு சுவரை அரிக்கும்; மழைநீர் உத்தரத்தை உளுக்கும். வேலை அறிந்த கொத்தரும் தச்சரும் குறைந்துவிட்டனர். வீட்டுக்கு உரிமை உடையவர் ஐவர் அறுவராகப் பெருகி, ஒருவர் பாரிசிலும் ஒருவர் சென்னையிலும் இருப்பர். வீட்டைக் காட்டிலும் மனைக்கு விலை மிகுதி. இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பினால் பங்கும் எளிது, வருவாயும் எளிது. இவ்வாறு கணக்குப் பார்த்து இடிக்கப்பட்ட வீடுகள் பல. வீட்டாரைக் குறை கூறுவதில் பயன் இல்லை. மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் பணம் வேண்டும்போது தூணின் அழகை எண்ணிக்கொண்டிருக்க யாரால் இயலும்?

அரசின் கட்டடங்களுக்கும் இதே கதி நேர்ந்ததுண்டு. கடற்கரைச் சாலையில் 1870-ஐ ஒட்டிக் கட்டப்பெற்ற நகர மன்றத்தைப் புதுவை மக்கள் 'மேரி' என்பர். 'மெரி' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு அது. பலருடைய பிறப்பும் திருமணமும் அங்கே பதிவாயின. பல ஆண்டு பழுது பார்க்காமல் கிடந்த அக்கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பின்னர்ப் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி 2021-இல் திறந்தனர். வடிவம் திரும்பியது, பழைய சுவர் திரும்பவில்லை.

இதற்கு மாறான சான்றும் புதுவையில் உண்டு. 2002-க்கும் 2004-க்கும் இடையே, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நேவ்-சுர்-லோ ஆகிய நகரங்கள் துணைநிற்க, இன்டாக் என்னும் மரபுக் காப்பு நிறுவனம் வைசியாள் வீதியில் அடுத்தடுத்து நின்ற வீடுகளின் முகப்புகளைச் செப்பனிட்டது. மறைந்த தாழ்வாரங்கள் மீண்டும் தோன்றின. 2008-இல் யுனெசுகோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருது அவ்வீதிக்குக் கிடைத்தது. முகப்பைச் செப்பனிட உதவி கிடைக்கும். ஆண்டுதோறும் காக்க வருவாய் வேண்டும். அவ்வருவாய்க்கு வீட்டார் கண்ட வழிகளுள் ஒன்றே, பயணிக்கு அறை விடுவது. நீங்கள் கொடுக்கும் ஓர் இரவு வாடகையில் ஒரு பகுதி, ஓர் ஓட்டை மாற்றவோ ஓர் உத்தரத்துக்கு எண்ணெய் பூசவோ பயன்படுகிறது. பழைய வீட்டை வேறு விதத்தில் காப்பாற்ற இயலாத குடும்பத்துக்கு விருந்தினரே துணையாகின்றனர்.

ஆயினும் இந்த மருந்துக்கும் அளவு உண்டு. சப்பானின் பழந்தலைநகராகிய கியோத்தோவைக் காண்க. அங்கே 'மச்சியா' எனப்படும் மர வீடுகள் உள்ளன. தெருப்பக்கம் குறுகி உள்ளே நீண்டு செல்வதால் அவற்றை 'விலாங்கு மீனின் படுக்கை' என்று விளையாட்டாகச் சொல்வர். நடுவே சிறிய தோட்டம் இருக்கும். நம் முற்றத்து வீட்டுக்கு அது தூரத்து உறவு போலத் தோன்றும். 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 40,000 மச்சியாக்கள் எஞ்சியிருந்தன. ஆண்டுதோறும் அவற்றிலும் பல இடிகின்றன. பலவற்றை விடுதிகளாக மாற்றியதால் அவை பிழைத்தன. ஆனால் பயணியர் கூட்டம் பெருகவே, ஊரார் தம் பேருந்திலே ஏற இடமின்றித் தவித்தனர். 2018 அக்டோபர் முதல் நகராட்சி தங்குவோரிடம் வரி வாங்கத் தொடங்கியது. 2024-இல் கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் பயணியர் நுழையத் தடை அறிவித்தனர். ஒரு வீடு விடுதியானால் வீடு பிழைக்கும். தெரு முழுதும் விடுதியானால் வாசலில் கோலம் இடுபவர் யார்? கீரைக்காரியைக் கூப்பிட்டு நிறுத்துபவர் யார்? குடியிருப்போர் நீங்கிய தெரு நாடக மேடையின் திரைச்சீலையை ஒத்ததாகிவிடும். எனவே, வீட்டார் தாமும் குடியிருந்துகொண்டு அறை விடும் இல்லம் கிடைக்குமானால், அதனையே முதலில் நாடுங்கள் என்பேன்.

இனி, தேர்வு செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். புறப்படும் முன் ஐந்து கேள்விகளுக்கு ஒரு தாளில் விடை எழுதிக்கொள்ளுங்கள்.

முதற் கேள்வி: எதற்காகச் செல்கிறேன்? 1955-இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலோ, துய்மா வீதியிலுள்ள தூரக்கிழக்கு நாடுகள் ஆய்வுப் பள்ளியிலோ ஓலைச்சுவடி காணச் செல்லும் ஆய்வு மாணவர் அவற்றுக்கு நடை தூரத்தில் தங்குதல் வேண்டும். அங்குள்ள சைவ சித்தாந்தச் சுவடிகள் 2005-இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை. கோயிலும் தெருவும் காணச் செல்பவர் வாய்க்காலுக்கு மேற்கே தங்கலாம்.

இரண்டாம் கேள்வி: எப்போது செல்கிறேன்? வார இறுதியிலும் ஆண்டு இறுதியிலும் கூட்டமும் வாடகையும் ஏறும். மதுவை நாடி வரும் கூட்டத்தால் அந்நாள்களில் சில விடுதிகளில் இரைச்சலும் ஏறும். வாரத்தின் நடு நாள்களே மாணவர்க்கு உகந்தவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். முற்றத்து வீட்டில் மழை அழகு. ஆனால் கொசுவலை உண்டா என்று கேட்டுக்கொள்க.

மூன்றாம் கேள்வி: யார் யார் செல்கிறோம்? பழைய வீடுகளின் படி செங்குத்தானது. முதியோர் உடன் வந்தால் கீழ்த்தள அறை கேட்க வேண்டும். மாணவியர் குழுவாயின், இரவில் வாயிலில் பொறுப்பானவர் இருக்கிறாரா, தெருவில் விளக்கு உண்டா என்பவற்றை வாடகைக்கு முன்பே விசாரித்தல் வேண்டும்.

நான்காம் கேள்வி: அவ்வீட்டின் நெறி என்ன? வாயில் அடைக்கும் நேரம், உணவு முறை, வருகையாளரை அழைத்துவரலாமா என்பவற்றை முன்னரே அறிந்தால் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

ஐந்தாம் கேள்வி: மொத்தச் செலவு எவ்வளவு? வரி சேர்ந்த வாடகையா, காலை உணவு உண்டா, வர இயலாவிட்டால் முன்பணம் திரும்புமா என்று தெளிவாகக் கேளுங்கள். இணையத்தில் காணும் படங்களை மட்டும் நம்ப வேண்டா. அகன்ற கண்ணாடி வழியே எடுத்த படத்தில் சிறிய அறையும் கூடமாகத் தோன்றும். தொலைபேசியில் ஒரு முறை பேசுங்கள். பேசுபவரின் சொல்லிலிருந்தே வீட்டின் இயல்பு பெரும்பாலும் விளங்கும். கவுந்தியடிகள்போல் ஊரறிந்த ஒருவர் கிடைத்தால் இன்னும் நன்று. கடற்கரைச் சாலையில் அரசின் சுற்றுலாத் தகவல் நிலையமும் உள்ளது. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். கொடுத்த பணத்துக்குச் சீட்டு வாங்குங்கள்.

தேர்ந்தபின் ஒரு கடமை எஞ்சுகிறது. நல்ல வீட்டைத் தேடும் நாம் நல்ல விருந்தினராகவும் இருத்தல் வேண்டும். பழைய சுவரில் ஆணி அடிக்காதீர்கள். ஈரத் துணியை மரத்தூணில் உலர்த்தாதீர்கள். திண்ணையில் அமர்ந்தால், நள்ளிரவில் உரக்கப் பேசாதீர்கள். அடுத்த வீட்டில் விடியலில் எழுந்து வேலைக்குப் போகும் ஒருவர் உறங்குகிறார். வீட்டாரிடம், 'இந்த வீட்டை யார் கட்டினார்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பலர் அதனைக் கேட்பதில்லை. கேட்டால், எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத செய்தி கிடைக்கும். அதனைக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லும் முதியவரும் கேட்கும் இளைஞரும் ஒரே திண்ணையில் அமர்வது இனிவரும் ஆண்டுகளில் அரிதாகிவிடலாம்.

நண்பர்களே, நீலப் பலகையில் பிரெஞ்சும் தமிழுமாகப் பெயர் எழுதிய அத்தெருக்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது, 'என்ன பார்க்கலாம்?' என்று கேட்பதற்கு முன், 'எந்த வீட்டில் விருந்தினராகலாம்?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால் உங்கள் கல்வியும் வளரும். தூண் சாயும் நிலையிலுள்ள ஒரு பழைய வீடும் இன்னும் சில ஆண்டுகள் நிமிர்ந்து நிற்கும்.